மிடோவா, நிகலா? உட்பெயரைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்

போன இதழில் ரெட்மி நோட் 4 பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கஸ்டம் ரோம் (போன் கம்பெனி கொடுக்காமல், ஆர்வலர்கள் தயாரித்துக் கொடுக்கும் ஆண்ட்ராய்டு) பற்றித்தான். எனவே இந்த மாதம் முழுக்க அதுவே. சார்ஜர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

2017இல் வாங்கிய ரெட்மி நோட் 4 வைத்திருக்கிறேன். திரையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் குரோம் அப்டேட் ஆக மறுக்கிறது. ஆப்கள் ஒவ்வொன்றாக ‘உங்கள் போனுக்குப் பொருந்தாது’ என்கின்றன. கஸ்டம் ரோம் போட்டால் போன் புதிதாகிவிடும் என்கிறான் பேரன். போடலாமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், சங்கரன்கோவில்*

போடலாம் ஐயா. ஆனால் ‘புதிதாகிவிடும்’ என்பதில் பாதிதான் உண்மை.

உங்கள் போன் ஆண்ட்ராய்டு 6உடன் வந்தது. கம்பெனி 7.0 வரை கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டது. மேலே எம்ஐயூஐ 11 (ரெட்மி போன்களைத் தயாரிக்கும் ஷாவ்மி, ஆண்ட்ராய்டின் மேல் போர்த்தும் தன் மென்பொருள்) என்று காட்டினாலும் அடியில் ஓடுவது அதே 7.0தான். குரோம் 119ஆம் பதிப்போடு ஆண்ட்ராய்டு 7ஐக் கைவிட்டது. அதனால்தான் அப்டேட் வரவில்லை, உங்கள் போனில் கோளாறு எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் ஸ்னாப்டிராகன் 625 நல்ல சிப். அதிகம் சூடாகாது, பேட்டரியையும் விழுங்காது. இந்தியாவில் அந்த ஆண்டு மிக அதிகமாக விற்ற போன்களில் இதுவும் ஒன்று என்பதால், இதற்கு ரோம் எழுதிய ஆர்வலர்களும் அதிகம். கம்பெனி விட்ட இடத்திலிருந்து அவர்கள் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்து இந்த மாடலின் அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். அதுதான் கஸ்டம் ரோம். அவற்றில் பெயர் பெற்றது லீனியேஜ் ஓஎஸ்.

அதைப் போட்டால் ஆண்ட்ராய்டு பதிப்பு கூடும், ‘பொருந்தாது’ என்ற ஆப்கள் இறங்கும், கம்பெனி திணித்த விளம்பர ஆப்கள் போய்விடும். எது மாறாது என்றால், பேட்டரி. 4100 எம்ஏஎச் என்று எழுதியிருந்தாலும் இத்தனை வருடம் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு அதில் எவ்வளவு மிச்சம் என்பது வேறு கதை. பேட்டரி உப்பியிருந்தால் ரோம் பேச்சையே எடுக்காதீர்கள், முதலில் அதை மாற்றுங்கள். பாதி வேலையில் போன் அணைந்துபோனால் சிக்கல். அடுத்தது ராம். உங்களுடையது 2 ஜிபி மாடல் என்றால் புதிய ஆண்ட்ராய்டு பழையதைவிட மெதுவாகத்தான் நகரும். அதற்கு ரோம் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. 3 ஜிபி, 4 ஜிபி என்றால் தாராளமாகப் போடலாம்.

இனி முக்கியமான விஷயம். பேரனிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். ரெட்மி நோட் 4 என்ற பெயரில் இரண்டு போன்கள் உண்டு. இந்தியாவில் விற்றது ஸ்னாப்டிராகன், அதன் உட்பெயர் ‘மிடோ’. சீனாவில் முதலில் வந்தது மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20, அதன் உட்பெயர் ‘நிகல்’. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து கொடுத்த போன் என்றால் இது நிகலாக இருக்க வாய்ப்புண்டு. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பக்கத்தில் பிராசசர் வரியைப் பாருங்கள். எட்டு கோர் என்றால் மிடோ, பத்து கோர் என்றால் நிகல். ரோம் ஃபைலின் பெயரில் இந்த உட்பெயர்தான் இருக்கும், கடைப் பெயர் இருக்காது. என் மேசைக்குச் செத்து வரும் போன்களில் பாதிக்கு இதுதான் காரணம்: அண்ணன் தம்பி மாதிரி பெயருள்ள வேறு மாடலின் ஃபைலைப் போட்டிருப்பார்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி ஐயா. இந்தப் போனை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு இதில்தான் இருக்கிறது என்றால், இப்படியே விட்டுவிட்டு வேறு போன் வாங்கிய பிறகு ரோம் போடுங்கள். காரணம் கீழே காரைக்குடிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். யூடியூப் பார்க்க, மின்னூல் படிக்க, பேரப்பிள்ளைகளோடு வீடியோ காலில் பேச இரண்டாவது போனாக என்றால் இன்றே தொடங்கலாம். இந்த மாடலின் தலைப்பக்கம் இன்ஃப்ராரெட் இருக்கிறது. டிவி ரிமோட்டாகவும் வைத்துக்கொள்ளலாம்.

அண்ணா, பூட்லோடர் அன்லாக் பண்ணப் போனால் ‘168 மணி நேரம் கழித்து வா’ என்கிறது. இதைக் குறைக்க வழி உண்டா? உடனே அன்லாக் பண்ணித் தருகிறேன் என்று ஒருவர் 800 ரூபாய் கேட்கிறார்.
*கல்லூரி மாணவர், விருதுநகர்*

வழி இல்லை தம்பி. போன் எழும்போது முதலில் ஓடி, எந்த ஆண்ட்ராய்டை ஏற்றலாம் என்று பார்ப்பது பூட்லோடர்; கம்பெனி போட்ட அந்தப் பூட்டைத் திறந்தால்தான் ரோம் போட முடியும். அது ஷாவ்மியின் சர்வர் எண்ணும் கணக்கு, உன் கம்ப்யூட்டரில் தேதியை மாற்றினாலும் நகராது. அந்தச் செய்தியை முழுசாகப் படித்தாயா? கணக்கை மறுபடி சேர்க்காதே, சேர்த்தால் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும் என்று அதன் கீழேயே எழுதியிருக்கும். தினமும் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய் ‘ஆட் அக்கவுண்ட்’ தட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்த ஏழு நாள் முடியவே முடியாது.

800 ரூபாய்க்காரர் கேட்பது பணத்தோடு நிற்காது. உன் எம்ஐ கணக்கின் (ஷாவ்மி கணக்கின்) பாஸ்வேர்டைக் கேட்பார், இல்லையென்றால் உன் கம்ப்யூட்டரை அவர் தூரத்திலிருந்து இயக்கும் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார். இரண்டையும் கொடுக்காதே.

காத்திருக்கும் நாட்களில் உருப்படியான வேலை இருக்கிறது. அன்லாக் ஆகும் நொடியில் போனில் உள்ள எல்லாம் அழியும். படம், வாட்ஸ்அப், நோட்ஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்து வை. எடுத்ததைத் திறந்தும் பார். கூகுள் கணக்கையும் போனிலிருந்து முறையாக நீக்கிவிடு, இல்லையென்றால் பின்னால் பழைய கணக்கைக் கேட்டு அடம்பிடிக்கும். எம்ஐ கணக்கின் பாஸ்வேர்ட் நினைவிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அன்லாக் நாளில் பாதிப்பேர் மாட்டுவது அங்கேதான்.

இன்னொன்று. போன் ஃபாஸ்ட்பூட்டில் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குள் ஃபைல் ஏற்றும் நிலை), அதாவது தொப்பி போட்ட முயல் ஆண்ட்ராய்டு பொம்மையை ரிப்பேர் செய்யும் படத்தில், சரியாக நின்றும் கம்ப்யூட்டர் அதைக் காணவில்லை என்றால், கேபிளை யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்று. நீலநிற யூஎஸ்பி 3 போர்ட்டில், அதிலும் ரைசன் சிப் உள்ள கம்ப்யூட்டர்களில், இந்தத் தொல்லை அடிக்கடி வரும். புது லேப்டாப்பில் யூஎஸ்பி 2 இல்லையென்றால் நடுவில் ஒரு பழைய யூஎஸ்பி 2 ஹப்பைப் போட்டாலே வேலை நடந்துவிடும்.

சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ரோம் போட்ட போனில் கூகுள் பே, வங்கி ஆப் எல்லாம் ஓடுமா?
*மளிகைக் கடைக்காரர், காரைக்குடி*

இன்று ஓடலாம், அடுத்த மாதம் நிற்கலாம். கடைப் பணம் புழங்கும் போனில் ரோம் போட வேண்டாம் என்பதே என் பதில்.

ஏன் என்றால், பூட்லோடர் திறந்திருக்கிறதா, உள்ளே ஓடுவது கம்பெனி கொடுத்த ஆண்ட்ராய்டுதானா என்று ஆப்கள் கூகுளிடம் கேட்க ஒரு ஏற்பாடு உண்டு. முன்பு அதன் பெயர் சேஃப்டிநெட், இப்போது பிளே இன்டெக்ரிட்டி. அங்கே ‘சந்தேகம்’ என்று பதில் வந்தால் சில வங்கி ஆப்கள் திறக்கவே திறக்காது, சில திறந்து பணம் அனுப்பும் இடத்தில் நிற்கும், சில கண்டுகொள்ளாது. எந்த வங்கி எப்போது கெடுபிடியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை ஏமாற்ற மேஜிஸ்க் மாதிரி கருவிகளும் அதற்கு மேல் மாட்யூல்களும் இருக்கின்றன. கூகுள் அடைக்கும், இவர்கள் வேறு ஓட்டை போடுவார்கள், மறுபடி அடைக்கும். வாடிக்கையாளர் பணம் போட்டுவிட்டேன் என்று நிற்கும்போது நீங்கள் மாட்யூல் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

இதில் வங்கியின் பயமும் நியாயமானதுதான். பூட்லோடர் திறந்த போன் தொலைந்தால், எடுத்தவர் அதில் தனக்கு வேண்டிய எதையும் ஏற்றலாம்.

‘அப்படியானால் ரோம் போட்ட பிறகு பூட்லோடரை மறுபடி பூட்டிவிட்டால்?’ என்று கேட்பீர்கள். வேண்டாம். கூகுள் பிக்சல் மாதிரி சில போன்கள்தான் வெளி ரோமின் சாவியை ஏற்றுக்கொண்டு பூட்ட விடும். மற்ற பெரும்பாலான போன்களில் வெளி ரோமோடு பூட்டினால் போன் எழுந்திருக்காது.

ரோம் போட்டு முடித்தேன். நெட் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஜியோவில் கால் போகவும் இல்லை, வரவும் இல்லை. அதே போனில் கணவரின் ஏர்டெல் சிம்மைப் போட்டால் கால் போகிறது. சிம் கெட்டுவிட்டதா?
*இல்லத்தரசி, கோயம்புத்தூர்*

முதலில் ஒரு சபாஷ் அம்மா. ரோம் போடும் இல்லத்தரசி எழுதிய முதல் கடிதம் இது.

சிம் நன்றாகவே இருக்கிறது. 2016இல் தொடங்கியபோதே ஜியோ 4ஜி மட்டும்தான். அதற்கு 2ஜி, 3ஜி கிடையாது. எனவே ஜியோவில் குரல் போக வேண்டுமென்றால் வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, வேலை செய்தாக வேண்டும், வேறு பாதையே இல்லை. ஏர்டெல்லுக்கு 2ஜி இருக்கிறது. வோல்டி வராவிட்டால் சத்தமில்லாமல் 2ஜிக்கு இறங்கிக் காலைப் போட்டுவிடும். அதாவது உங்கள் போனில் வோல்டி இரண்டு சிம்முக்குமே வேலை செய்யவில்லை, ஏர்டெல்லில் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

பார்க்க வேண்டிய வரிசை இது. செட்டிங்ஸில் சிம் பக்கத்தில் வோல்டி அல்லது 4ஜி காலிங் என்ற சுவிட்ச் அணைந்திருக்கிறதா? இருந்தால் போட்டுவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சுவிட்சே இல்லை, அல்லது போட்டும் பயனில்லை என்றால் டயலரில் *#*#4636#*#* அடியுங்கள். வரும் மெனுவில் போன் தகவலுக்குள் போனால் ஐஎம்எஸ் நிலை என்று ஒரு வரி இருக்கும். வோல்டிக்கு நெட்வொர்க்கில் போன் பதிவாகியிருக்கிறதா என்று காட்டுவது அது. அது பதிவாகவில்லை என்று காட்டினால் என் சந்தேகம் மோடம் ஃபர்ம்வேர் மேல்தான். பல போன்களில் ரோம் ஜிப்புக்குள் ஆண்ட்ராய்டு மட்டுமே இருக்கும். சிக்னலைக் கையாளும் மோடம் ஃபைல்கள் கம்பெனி கடைசியாகப் போட்டதே அப்படியே கிடக்கும். நீங்கள் எப்போதோ அப்டேட் செய்வதை நிறுத்திய போனில் ரோம் போட்டிருந்தால், புது ஆண்ட்ராய்டுக்கும் பழைய மோடமுக்கும் ஒத்துப்போகாது. உங்கள் மாடலின் உட்பெயருக்கு உரிய கடைசி ஃபர்ம்வேர் ஜிப்பை மட்டும் ரெகவரி (ஆண்ட்ராய்டு எழாமலே ஃபைல் போடவும் அழிக்கவும் உதவும் தனி மெனு) வழியாகப் போட்டுப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் அந்த ரோம் உங்கள் போனுக்கு வேண்டாம், வேறொன்றைப் பாருங்கள்.

கூடவே *#06# அடித்து ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண், வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது வெறுமையாகவோ பூஜ்ஜியமாகவோ இருந்தால் விஷயம் பெரியது. ஈஎஃப்எஸ் என்ற சின்னப் பகுதியில்தான் அந்த எண்ணும் நெட்வொர்க் விவரங்களும் இருக்கும். அழிப்பதை அழிக்கும்போது சிலர் அதையும் அழித்துவிடுவார்கள். ரோம் போடுவதற்கு முன் டிடபிள்யூஆர்பி என்ற வெளி ரெகவரியில் ஈஎஃப்எஸ் பேக்கப் எடுத்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் மீட்டுவிடலாம். இன்னும் ரோம் போடாதவர்கள் இந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளவும். பேக்கப் இல்லையென்று ஏதாவது ஒரு கடையில் கொடுத்து ‘ஏதோ ஒரு ஐஎம்இஐ எழுதிக் கொடு’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஐஎம்இஐயை மாற்றுவது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

டிடபிள்யூஆர்பி போட்டால் ‘வெற்றி’ என்று வருகிறது. ரீஸ்டார்ட் செய்து ரெகவரிக்குப் போனால் பழைய எம்ஐ ரெகவரியே நிற்கிறது. எத்தனை முறை போட்டாலும் இதே கதை.
*தறிப்பட்டறை ஊழியர், ஈரோடு*

தவறு ‘ரீஸ்டார்ட்’ என்ற இடத்தில் இருக்கிறது. கம்பெனியின் ஆண்ட்ராய்டு ஒரு தடவை முழுதாக எழுந்தாலே, ரெகவரி மாறியிருப்பதைக் கண்டு தன்னுடையதை மேலே எழுதிவிடும். எனவே ஃபாஸ்ட்பூட்டில் வெற்றி என்று வந்ததும் போனை எழ விடாமல், வால்யூம் அப் பட்டனையும் பவரையும் சேர்த்து அழுத்தி நேராக ரெகவரிக்குள் போங்கள்.

உள்ளே போனதும் ஸ்டோரேஜ் 0 எம்பி என்று காட்டினால் பதற வேண்டாம். பழைய டேட்டா என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது, அதைப் படிக்கத் தெரியாமல் அப்படிக் காட்டுகிறது. ‘ஃபார்மட் டேட்டா’ கொடுத்தால் ‘யெஸ்’ என்று டைப் செய்யச் சொல்லும், செய்யுங்கள். சாதாரண வைப் (மேலோட்டமான அழிப்பு) மட்டும் போதாது. அப்புறம் ரோம் ஜிப், அதன் பிறகு கூகுள் ஆப்கள் அடங்கிய ஜிகேப்ஸ் ஜிப். இரண்டையும் போட்ட பிறகுதான் முதல் முறை போனை எழுப்ப வேண்டும். எழுப்பிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக ஜிகேப்ஸ் போட்டால் ஆப்கள் வரிசையாக நின்றுபோகும், மறுபடி எல்லாவற்றையும் அழித்துத் தொடங்க வேண்டும். ஜிகேப்ஸ் எடுக்கும்போது அதன் ஆண்ட்ராய்டு பதிப்பும் ரோமின் ஆண்ட்ராய்டு பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், சிப் வகையில் மிடோவுக்கு ஏஆர்எம்64தான் சரி. லீனியேஜ்காரர்கள் இப்போது தங்கள் சொந்த ரெகவரியையே பரிந்துரைக்கிறார்கள். அதைப் பயன்படுத்தினாலும் இந்த வரிசை மாறாது.

‘கூகுள் ஆப்களை ரோமிலேயே சேர்த்துக் கொடுத்தால் என்ன?’ என்று இன்னொரு வாசகர் கோபமாகக் கேட்டிருந்தார். லீனியேஜுக்கு முன்னோடி சயனோஜன்மாட். ஸ்டீவ் கோண்டிக் என்ற நிரலாளர் தொடங்கியது. அவர் அதில் ஜிமெயில், மேப்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொடுத்துவந்தார். 2009இல் கூகுளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது: ஆண்ட்ராய்டு திறந்த மூலம், எங்கள் ஆப்கள் அப்படி அல்ல. அன்றிலிருந்துதான் இந்த இரண்டு ஜிப் வழக்கம். 2016 கடைசியில் சயனோஜன் கம்பெனி கடையைக் கட்டியபோது அந்த நிரலை எடுத்துக்கொண்டு கிளம்பியதுதான் லீனியேஜ்.

சாம்சங் கேலக்ஸி ஜே7இல் ஃபாஸ்ட்பூட் வரவே மாட்டேன் என்கிறது.
*வாசகர், திருநெல்வேலி*

வராது. சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட் கிடையாது, அதற்குப் பதில் டவுன்லோட் மோட். வால்யூம் டவுன், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கம்ப்யூட்டரில் ஓடின் என்ற மென்பொருள் வேண்டும். ஒன்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்: நாக்ஸ் என்ற சாம்சங்கின் பாதுகாப்பு ஏற்பாடு உள்ள போனில் வெளி ரெகவரியைப் போட்டதும் உள்ளே ஒரு மின்னணு ஃபியூஸ் போய்விடும். பிறகு கம்பெனி ரோமையே திரும்பப் போட்டாலும் அது திரும்பாது. செக்யூர் ஃபோல்டர் போன்றவை அந்தப் போனில் அவ்வளவுதான்.

ஹானர் 9 லைட்டுக்கு வழி சொல்லுங்கள்.
*வாசகர், திண்டுக்கல்*

ஹுவாவே 2018லேயே பூட்லோடரைத் திறக்கும் அன்லாக் கோட் கொடுப்பதை நிறுத்திவிட்டது, ஹானரும் அதில் சேர்த்தி. ரோம் ஆசையை விட்டுவிட்டு நல்ல பேட்டரி போட்டு ஓட்டுங்கள்.

ரோம் போட்ட பிறகு போட்டோ மங்கலாக வருகிறது. கேமரா லென்ஸைத் துடைத்தும் பார்த்துவிட்டேன்.
*வாசகி, புதுச்சேரி*

லென்ஸ் பாவம். படத்தை எடுத்த பிறகு கம்பெனியின் மென்பொருள் பூசும் பூச்சு ரோமில் இருக்காது, அது அவர்களுடைய சொத்து. உங்கள் மாடலுக்கென்று மாற்றி எழுதிய ஜிகேம் (கூகுள் கேமரா ஆப்) ஒன்றைத் தேடிப் போடுங்கள். இருட்டில் எடுக்கும் படங்கள் பழையதைவிட நன்றாகவே வரக்கூடும்.

புது ரோம் போட்டு அரை மணி நேரமாக லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எம்ஐஃபிளாஷ் வைத்துப் பழைய கம்பெனி ரோமுக்கே திரும்பிவிடலாம் என்று பார்க்கிறேன். மாடல் ரெட்மி நோட் 5 ப்ரோ.
*வாசகர், கிருஷ்ணகிரி*

நல்லவேளை, எம்ஐஃபிளாஷில் (கம்பெனி ரோமைக் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றும் ஷாவ்மி மென்பொருள்) கை வைப்பதற்கு முன் எழுதினீர்கள். முதல் முறை எழ பத்து நிமிடம் வரை எடுப்பது சகஜம். அரை மணி நேரம் என்றால் எழாது. கம்பெனி ரோமுக்கு ஓடுவதற்கு முன் ரெகவரிக்குள் போய் ஃபார்மட் டேட்டா கொடுத்து ரோமை மறுபடி போட்டுப் பாருங்கள். பழைய என்கிரிப்ஷன் மிச்சம் இருந்தாலே இப்படிச் சுற்றும்.

அதற்கும் அடங்கவில்லை, திரும்பியே ஆக வேண்டும் என்றால், இரண்டு விஷயம். உங்கள் மாடல் வந்த 2018இல்தான் ஷாவ்மி ‘ஆன்டி ரோல்பேக்’ என்ற தடையை ஆரம்பித்தது. போனில் இருந்த எம்ஐயூஐயைவிடப் பழையதைப் போட்டால் போன் செத்துவிடக்கூடும். செத்தால் ரெகவரியும் வராது, ஃபாஸ்ட்பூட்டும் வராது. எனவே உட்பெயர் பார்த்து, கிடைப்பதிலேயே கடைசி ஃபாஸ்ட்பூட் ரோமை மட்டும் எடுங்கள். ‘பழைய எம்ஐயூஐதான் வேகம்’ என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

இரண்டாவது, எம்ஐஃபிளாஷ் ஜன்னலின் அடியில் மூன்று தேர்வுகள் இருக்கும். அது திறக்கும்போதே ‘கிளீன் ஆல் அண்ட் லாக்’ என்பதில் புள்ளி வைத்துக்கொண்டு திறக்கும். கவனிக்காமல் ஃபிளாஷ் கொடுத்தால் பூட்லோடர் மறுபடி பூட்டிக்கொள்ளும். திறக்க மறுபடி முதலிலிருந்து அனுமதி, காத்திருப்பு எல்லாம். அதைவிட மோசம், நீங்கள் போட்டது வேறு நாட்டு ரோமாக இருந்து பூட்டிக்கொண்டால், இந்த மென்பொருள் இந்தக் கருவியில் ஓடாது என்று ரெகவரியிலேயே நிறுத்திவிடும். ‘கிளீன் ஆல்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். கேபிளை அசைக்காதீர்கள். முடிந்து பச்சை நிறம் வரும் வரை பக்கத்திலேயே இருங்கள்.